ரெலிக்ட் என்று வெட்டிய கல்

ஸ்ரீவில்லிபுத்தூர்
1903 வருஷம், பிப்ரவரி மாதம்

ரங்கோனில் இருக்கும் அருமை மகன் சோலைராஜுக்கு உன் தாய் கிருபாபாய் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் உயிரோடு சுகமாக இருக்கிறேன். இதை இந்தத் தடவை வழக்கத்துக்காக எழுதவில்லை. தளவாய்புரத்திலிருந்து உனக்கு வேறு மாதிரியான செய்தி ஏதும் புறப்பட்டு வந்திருந்தால், தந்தியாகவே இருந்தாலும், அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை நம்பு, கையெழுத்து என்னுடையதுதான். உன் சுகம் எப்படி, போன மழையில் வந்த சளி முற்றிலும் விட்டதா, ஈரச் சட்டையோடு ஆபீஸில் உட்காரும் பழக்கத்தை விட்டாயா என்று எழுது.

உன் போன கடிதமும் அதற்குள் மடித்து வைத்திருந்த கல்லறை வாசகமும் கிறிஸ்துமஸ் கழிந்து வந்து சேர்ந்தன. அப்பா காலமாகி ஒரு வருஷம் முடியுமுன் கல் நாட்டிவிட வேண்டும், வாசகம் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும், வ. புதுப்பட்டிப் பெண்பிள்ளைப் பள்ளிக்கூடத்துக்கு என்னை உபாத்தினியாகக் கூப்பிட்டிருப்பதற்கு முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். ரங்கோனில் குமாஸ்தாவாக இருப்பவனுடைய தாயார் மாசச் சம்பளத்துக்குக் கை நீட்டினால் உனக்குத் தலையிறக்கம் என்றும், அப்பா இருந்த வீட்டில் அப்பாவை நினைத்துக்கொண்டு கௌரவமாக இருந்தால் போதும் என்றும் எழுதியிருந்தாய். முதல் இரண்டையும் நீ சொன்னபடியே செய்தேன். இந்த வீட்டில் நடந்த கூத்தெல்லாம் அதிலிருந்து வந்ததுதான், அதனால் பொறுமையாகப் படி.

கல் வேலையைக் கல்தச்சர் வேலுசாமியிடம் கொடுத்தேன். நம் சபைக் கோயில் படிக்கட்டும் இந்த ஊரில் பாதி வீட்டு ஆட்டுக்கல்லும் அவர் கொத்தியதுதான். இங்கிலீஷ் தெரியாதே, எப்படி வெட்டுவீர் என்று கேட்டேன். இது எனக்கு எறும்பு ஊர்ந்த மாதிரித்தான் தெரியுது தாயி, எறும்பு போன வழியில உளியும் போயிரும் என்றார். அப்படியே போயிற்று, ஒரு எழுத்து பிசகவில்லை. நம் சபை ஐயர் மிஷன் கூட்டத்துக்கு மதுரை போயிருந்ததால் சரிபார்க்க ஆள் இல்லை. எனக்குப் போர்டிங்கில் படித்த இங்கிலீஷ் எம்புட்டு என்று உனக்குத் தெரியும், பெரிய எழுத்தாக இருந்தால் கூட்டிப் பெயரைப் படிப்பேன். அப்பா பெயருக்குக் கீழே என் பெயரைப் பார்த்தேன். கல்லை நாட்டினவள் இன்னாள் என்று போட்டிருக்கிறாய் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அதை ஒளிப்பானேன்.

கல் முடிந்து கோயில் மதிலோரம் சாத்தியிருந்த அந்த வாரத்தில் உன் தங்கை பரிபூரணத்தின் சின்ன மாமனார் பேச்சிமுத்து கோர்ட்டு வாய்தாவுக்காகத் தளவாய்புரத்திலிருந்து வந்திருக்கிறார். அவர் கொஞ்சகாலம் தாலுகாக் கச்சேரியில் பியூனாக இருந்தவர் அல்லவா, எழுத்து முழுசாகத் தெரியும், அர்த்தம் பாதி தெரியும். உன் அப்பா பெயரைப் படித்தார், என் பெயரைப் படித்தார், அதற்குக் கீழே இவ்வுலகை விட்டுப் பிரிந்தாள் என்று நீ எழுதியிருந்ததையும் படித்தார். என் சாவுத் தேதிக்காக நீ விட்டிருந்த வெற்றிடத்தை மட்டும் அவர் படிக்கவில்லை, வெற்றிடத்தை யார் படிப்பார்கள். நேரே ஊருக்குத் திரும்பிப் போய் நான் செத்துப்போனதாகச் சொல்லிவிட்டார். என் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாமே என்று பிறகு கேட்டதற்கு, துட்டி வீட்டுக்குச் சம்பந்தக்காரன் ஒத்தையில வெறுங்கையோட வந்தா முறையா மதினி, சொந்தத்தக் கூட்டிக்கிட்டுல்லா வரணும் என்றார். முறை தெரிந்த மனுஷர், அவரைக் குறை சொல்ல இடமில்லை.

மறுநாள் காலை நான் உளுந்து அரைத்துக்கொண்டிருக்கிறேன், தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம் கேட்கிறது. யார் வீட்டில் என்ன ஆயிற்றோ என்று மாவுக் கையோடு வாசலுக்கு ஓடினேன். மூன்று வண்டி நின்றது. முதல் வண்டியிலிருந்து இறங்கின பரிபூரணம் தலைமுடி அவிழ்ந்து தொங்க, என்னைப் பார்த்துவிட்டு அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்பாரி ஒவ்வொரு வாயாக நின்றது. அவள் எழுந்து வந்து என்னைத் தொட்டுப் பார்த்தாள், கட்டிக்கொண்டு அழுதாள், அழுகை நின்றதும் சண்டைக்கு வந்தாள். ஏம்மா, உயிரோட இருக்கவ ஒரு ஆள்ட்டயாவது சொல்லி விடக்கூடாதா, ராஜபாளையம் தாண்டுறதுக்குள்ள எனக்கு உசுரே போயிட்டே என்றாள். நான் என்ன பதில் சொல்ல, இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று தினமும் தளவாய்புரத்துக்கு ஆள் விடவா முடியும். அவள் முழுகாமல் வேறு இருக்கிறாள், நாலாம் மாசம். வண்டிக் குலுக்கலில் ஒன்றும் ஆகாமல் இருந்ததற்கு அன்று நான் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். உன்மேல் எனக்கு மெய்யாகவே கோபம் வந்தது அந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

அடுத்த வீட்டு நூர்னிசா, நம் துணிக்கடை பக்கீர் முகமதுவின் வீட்டுக்காரி, சத்தம் கேட்டதும் யார் எவர் என்று விசாரிக்காமலே பெரிய பானையில் உலை வைத்துவிட்டாள். துட்டி வீட்டில் அடுப்பெரியக் கூடாது, வந்தவர்கள் பசியோடு போகக்கூடாது என்பது அவள் கணக்கு. ஆக என் சாவுச் சோற்றை நானே பரிமாறி நானும் சாப்பிட்டேன். புளிக்குழம்பு நன்றாகவே இருந்தது. சம்பந்தி வீட்டார் முறைப்படி கோடிச் சேலை ஒன்று வாங்கி வந்திருந்தார்கள். வெள்ளைச் சேலை, நெருக்கமான நெசவு. அதைத் திருப்பிக் கொண்டுபோக அவர்களுக்கும் சங்கடம், என்னிடம் கொடுக்கவும் சங்கடம். நானே கைநீட்டி வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். நம் பித்தளை அண்டா யாருக்கு என்று வரும் வழியிலேயே வண்டியில் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. யார் பேசினது என்று பரிபூரணம் சொன்னாள், நான் எழுதமாட்டேன். ஆனால் அந்த அம்மாளை அழைத்து அண்டாவில் தண்ணீர் மொண்டு கைகழுவ ஊற்றினேன், அவள் அதை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மத்தியானம் சௌந்தரபாண்டியன் வந்தான், உன்னோடு படித்தவன், இப்போது முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா. வரும் வழியில் கல்லை முழுக்கப் படித்துவிட்டு வந்து எங்களுக்குத் தமிழில் சொன்னான். அப்பா பெயருக்குக் கீழே, மேற்படியாரின் ரெலிக்ட் கிருபாபாயும் என்று இருக்கிறதாம். ரெலிக்ட் என்றால் என்ன என்று கேட்டேன். விதவை என்றான். வேதத்தில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைப் போர்டிங்கில் மிஸ்ஸியம்மா விடோ என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்றேன். அது இப்ப பேசுற வார்த்தை அத்தை, இது அந்தக் காலத்து வார்த்தை, வெள்ளைக்காரனே இப்ப வாயில சொல்லுறதில்ல, கல்லுலயும் பழைய பத்திரத்துலயும்தான் கிடக்கு என்றான். வேரைப் பார்த்தால் விட்டுப்போனது, மிஞ்சிக் கிடப்பது என்று அர்த்தமாம். ரோமான் சபையார் பரிசுத்தவான்களின் எலும்பைப் பேழையில் வைத்துக் கும்பிடுகிறார்களே, அதற்கும் ஒரு காலத்தில் இந்தச் சொல்லையே வைத்திருந்தார்களாம். கடல் பின்வாங்கிப் போய் வெளியே தெரியும் நிலத்துக்கும் இதே சொல்லைப் பழைய கேஸ் புத்தகத்தில் அவன் பார்த்திருக்கிறானாம். ஒரு சொல்லுக்குள் விதவையையும் எலும்பையும் நிலத்தையும் குடிவைத்திருக்கிறார்கள், நெருக்கடிதான்.

நான் இன்னொன்று கேட்டேன். பெண்சாதி முந்திப் போய்விட்டால் புருஷனைக் கல்லில் என்ன என்று வெட்டுவார்கள் என்று. நான் பாத்த வரைக்கும் அவுக பேர மட்டுந்தான் அத்தை போட்டிருக்கு என்றான். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த நூர்னிசா தலை நிமிராமலே, எங்கள்ல புருசன் போயிட்டா பொண்டாட்டி இத்தா இருக்குறது நாலு மாசம் பத்து நாளு, அது கழிஞ்சா பொறவு அவ அவதான், ஒங்க இங்கிலீசுல அதுக்குக் கெடுவே கிடையாதா என்று கேட்டாள். சௌந்தரபாண்டியன் கோர்ட்டுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போய்விட்டான்.

நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கே வெள்ளைக்காரர் கல்லறைகளில் பார்த்து, நம் அப்பாவுக்கும் அந்த மரியாதை வேண்டும் என்று ஆசைப்பட்டிருப்பாய். ஆனால் சோலைராஜ், ஒரு வார்த்தையை எடுத்து ஒருத்திமேல் வைக்குமுன் அவளை ஒருதரம் கேட்டிருக்கலாம். உன் அப்பா இல்லாதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்தால் காபித்தண்ணிக்கு அடுப்பை ஊதப் போகிறேன், ஊதின பிறகுதான் ஆள் இல்லை என்று நினைவு வருகிறது. அது என் துக்கம், எனக்கே இருக்கட்டும். அது பெயராகி என் பெயருக்கு முன்னால் வந்து உட்கார வேண்டியதில்லை. அப்பா பிறந்த ராஜபாளையத்தில் கண்மாய் இந்த வருஷம் சீக்கிரமே வற்றிவிட்டது என்று பரிபூரணம் சொன்னாள். தண்ணீர் ஒதுங்க ஒதுங்க உள்வாய் மண்ணில் வெள்ளரி போடுவார்களே, நீ சின்னதில் திருடித் தின்று அடி வாங்கினாயே, அந்த நிலத்தை மிச்சம் மீதி என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. யார் முந்தி விதைப்பது என்று அதற்குத்தான் வருஷாவருஷம் அடிதடி.

புதுப்பட்டிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ கோபப்படுவாய், படு, ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கோபப்படாதே. வருகிற திங்கட்கிழமை வண்டி பேசியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை தருகிறார்கள், கிணறு இருக்கிறது, பதினாறு பெண்பிள்ளைகள். இந்த வீட்டுச் சாவி நூர்னிசாவிடம் இருக்கும், பரிபூரணம் பிரசவத்துக்கு வரும்போது நான் லீவு எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிடுவேன். இத்தனை வருஷமும் இந்தத் தெருவில் எல்லாரும் என்னை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அது உன் அப்பா வேலைக்குப் போய் எனக்கு வந்த பெயர், ஒருநாளும் நான் அதை வேண்டாம் என்றதில்லை, பெருமையாகவே இருந்தது. இனி அதே பெயருக்கு நான் வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். கோடிச் சேலையை அங்கே முதல்நாள் கட்டிக்கொள்வதாக இருக்கிறேன். பரிபூரணம் ஆகாது ஆகாது என்று காதைப் பொத்திக்கொண்டாள். செத்தவளுக்கு வாங்கினது, செத்தவள் வேண்டாம் என்றால்தானே ஆகாது என்றேன்.

கல்லைப் பற்றி நீ கேட்பாய். வேலுசாமியைக் கூப்பிட்டு அந்தக் கடைசி இரண்டு வரியை அழிக்க முடியுமா என்று கேட்டேன். கல்லுல வெட்டினத அழிச்சா அம்மைத் தழும்பு மாதிரி நிக்கும் தாயி, அழிக்க வேண்டாம், ஒரு சாண் கூடுதல் ஆழமாக் குழி தோண்டி எறக்கிருவோம் என்றார். அப்படியே போன சனிக்கிழமை நாட்டியாயிற்று. ஐயரும் வந்து ஜெபம் பண்ணினார். மண்ணுக்கு மேலே உன் அப்பா பெயர் மட்டும் தெரிகிறது, தவசிமுத்து உபாத்தியாயர் என்று, வெயில் சாயும்போது எழுத்து நன்றாக எடுப்பாக இருக்கிறது. நீ லீவில் வந்தால் பார்க்கலாம், உனக்குப் பிடிக்கும்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல புத்தியும் திடகாத்திரமும் தந்து உன்னை ஆசீர்வதிப்பாராக. வேதம் வாசிக்காமல் படுக்காதே. அந்த ஊர் அழுகல்மீன் சரக்கைத் தொடாதே. இனிமேல் கடிதம் எழுதினால், கிருபாபாய், உபாத்தினி, பெண்பிள்ளைப் பள்ளிக்கூடம், வ. புதுப்பட்டி என்று மாத்திரம் மேல்விலாசம் போடு, வந்து சேரும். மறந்துவிடாதே. நானும் ஒருநாள் போவேன், அன்றைக்கு உனக்கு இஷ்டமானால் வேலுசாமியையோ அவர் மகனையோ கூப்பிட்டு அந்தக் கல்லை ஒரு சாண் தூக்கி வைக்கச் சொல். நான் மண்ணுக்குள் போகும்போது அந்த வரி மேலே வரட்டும், அதுவரைக்கும் அது உள்ளே இருக்கட்டும், நான் மேலே இருக்கிறேன்.

இப்படிக்கு உன்னை நினையாத நாளில்லாத தாய்,
கிருபாபாய்