உப்புத் தார்ப்பாயில் போன படங்கள்

மரக்காணம்

அன்பு மகன் அருண்ராஜுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சந்தியாவும் நலம், மழை இன்னும் இறங்காததால் அளத்தில் உப்பும் நலம். புனேயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி விஷயம்தான். டிசைன் படிப்புக்குப் புனே, ஆமதாபாத் இரண்டு கல்லூரியிலும் இடம் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றை உறுதி செய்ய வேண்டும். அவள் உன்னோடு தங்கட்டும் என்று நீ வீடு மாறி ஓர் அறையையும் ஒழித்துவைத்தாய், அம்மாவுக்கும் அதுதான் நிம்மதி. ஆமதாபாத்தில் நமக்கு ஒருவரையும் தெரியாது. ஆனாலும் அவள் ஆமதாபாத் என்றே நிற்கிறாள். பிடிவாதம் என்று நீ சொன்னாய், நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீயே சொல்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும் வழியில் மழை பெய்தால் அவள் வரைந்த படங்கள் நனையுமே என்று அளத்திலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்தது நான்தான். உப்புக் குவியலை மூடிக் கிடந்தது, இங்கே மழை என்றால் நமக்குக் கை அதற்குத்தானே போகும். மடிப்பில் ஒட்டியிருந்த உப்பு ஈரத்தை இழுக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புனேயில் பிரித்தபோது சாயம் ஓடியிருந்ததை நீயும் பார்த்தாய். அங்கே தேர்வு செய்தவர் அதைப் பார்த்து, அழகாக இருக்கிறதே, என்ன முறை என்று கேட்டிருக்கிறார். இவள், முறை எதுவும் இல்லை, தார்ப்பாய் உப்பு என்று சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்துவிட்டு இடம் கொடுத்தார். நீதான் வெளியே வந்ததும், ஏதோ ஒரு முறைன்னு சொல்லிட்டு வரவேண்டியதுதானே, உன்னை யாரு அரிச்சந்திரன் ஆகச் சொன்னாங்க என்று திட்டினாய்.

ஆமதாபாத்தில் தேர்வு செய்த அம்மாள் படத்தைப் புகழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. எப்படி நனைந்தது என்று மட்டும் கேட்டுவிட்டு, காகிதமும் கயிறும் கொடுத்து, நனையாதபடி ஒன்று கட்டு என்றாராம். கட்டியதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றினார். உள்ளே நனைந்துவிட்டது. இங்கே படிக்க வந்து மறுபடியும் கட்டு என்று இடம் கொடுத்து அனுப்பிவிட்டார். ரயிலில் இவள் டீ கப்பை மூடுவதும் திறப்பதுமாக வந்தாள். இவள் ஆமதாபாத்துக்குத்தான் போவாள் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இந்தக் கடிதத்தோடு வருகிற பொட்டலம் அவள் கட்டியது. நடுவில் ஒரு படம், வெளிச்சுற்றில் வேண்டுமென்றே ஒரு பிடி உப்பு. நனையலன்னா அந்த மேடத்துக்குக் காட்டப் போறேன், நனைஞ்சா கத்துக்கப் போறேன் என்கிறாள். ரெண்டுக்கும் ஆமதாபாத் ரயிலு ஒண்ணுதானடி, அப்புறம் எதுக்கு அண்ணனுக்குப் பார்சல் என்று அம்மா கேட்டாள். கட்டும் முன் நான் படத்தைப் பார்த்தேன். நீ ஒழித்துவைத்த அறை, ஜன்னலில் நீ மாட்டிய புதுத் திரையோடு.

வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடு, வெளிச்சாப்பாட்டைக் குறை. நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளோடு இரு. பொட்டலத்தைக் கத்தியால் கிழிக்காதே, முடிச்சை அவிழ்த்துப் பார். பார்த்துவிட்டு எனக்கு இல்லை, அவளுக்குப் போன் செய். ஈரம் இருந்தால் இருக்கிறது என்றே சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
பச்சமுத்து