எனக்கு இருமலே இல்லை

இன்று காலை வவுணதீவுத் தம்பிராசா ஒரு போத்தல் தேன் கொண்டுவந்து என் கையில் தந்தார். இருபது வருடமாகத் தன் பழைய நெல் லொறியை நம் கராஜுக்கே கொண்டுவந்தவர், உங்களுக்குத் தெரியாதவரா? "அக்காட இருமலுக்கு," என்றார். "பாஸ் இருக்கக்குள்ள நீங்க இருமின இருமல் இன்னும் என்ட காதில கிடக்கு."

எனக்கு இருமல் இல்லை, மச்சான். ஒரு நாளும் இருந்ததில்லை. அது உங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விசயம். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இனி அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அந்தப் போத்தலைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது.

தேனைத் தந்துவிட்டு அவர் மெல்ல விசயத்துக்கு வந்தார். லொறியின் டீசல் பம்பை வேறோர் இடத்தில் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து வெள்ளைப் புகை, இழுவை இல்லை. புகைப் பரிசோதனையிலும் தவறிவிட்டது. அடுத்த கிழமை வயல் வட்டையில் அறுவடை. "பாஸ்ட அந்த வளைஞ்ச குழாயைத் தாங்கக்கா. ஆரையாவது பிடிச்சு டைமிங் வைப்பிக்கிறன்."

குழாயைத்தான் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

நாம் இருவரும் அந்த வேலையைச் செய்த விதத்தை அவர் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. டீசல் உள்ளே பாய்கிற நொடிதான் தீப்பிடிக்கிற நொடி. முந்தினால் எஞ்சின் உரலில் இடிப்பதுபோல் தட்டும், பிந்தினால் வெள்ளையாகப் புகைந்து முனகும். அந்த நொடியைப் பிடிக்கப் பம்பின் தலையில் வளைந்த குழாயைப் பூட்டி, எஞ்சினைக் கம்பியால் மெதுவாகச் சுற்ற வேண்டும். குழாயிலிருந்து ஓடுகிற டீசல் மெலிந்து, சொட்டாகி, நிற்கப் போகிற இடத்தில் சுற்றுவதை நிறுத்தினால் எஞ்சினின் முன் சக்கரத்தில் வெட்டிய கோடு பக்கத்துக் குறிமுள்ளுக்கு நேரே இருக்க வேண்டும். ஒருவர் சுற்ற, ஒருவர் துளியைப் பார்க்க வேண்டும். நாம் கல்யாணம் முடித்த காலத்திலிருந்து நான் சுற்றினேன், நீங்கள் பார்த்தீர்கள்.

பிறகு சீனி வருத்தம் உங்கள் கண்ணுக்கு வந்தது. புளியந்தீவில் டாக்குத்தரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் பாலத்தைக் கடந்தபோது, வாவியில் எத்தனை தோணி நிற்கிறது என்று கேட்டேன். "தோணியா?" என்றீர்கள். வெயிலில் ஏழெட்டுத் தோணி நின்றது.

அடுத்த நாளே இடம் மாறிக்கொண்டோம். கம்பி உங்கள் கைக்குப் போனது, டோர்ச் என் கைக்கு வந்தது. "கையில பதம் தெரியும், அதான் நானே சுத்துறன்" என்று லொறிக்காரர்களிடம் சொன்னீர்கள். துளி நிற்கும்போது நான் ஒரு தரம் இருமுவேன், நீங்கள் கம்பியை நிறுத்துவீர்கள். பிறகு குனிந்து கோட்டைப் பெருவிரலால் தடவி, முள்ளுக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அறிவீர்கள். அந்த விரலுக்கு நான் எப்போதும் தலைவணங்குவேன். இருமல் என் யோசனைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நாலு வருடம் இருமுவேன் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு நாள் சித்தாண்டியிலிருந்து வந்தவர், "பாஸ்ட கண்ணுக்கு இந்த மட்டக்களப்பில ஆரும் நிக்கேலா" என்றார். நீங்கள் சிரித்தீர்கள். டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் நின்றேன். அவர் போனதும் கேட்டேன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று.

"சொன்னா லொறி வராது, புள்ள."

"வரும்."

"உனக்கு ஆக்களைத் தெரியாது."

நம் முப்பது வருடத்தில் நீங்கள் எனக்குச் செய்த பெரிய அநியாயம் அதுதான். அடிக்கவில்லை, ஏசவில்லை, குடிக்கவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

ஆகவே தம்பிராசாவிடம் சொன்னேன்: "குழாய் வெளிய போகாது. லொறியை உள்ள எடுங்க."

"ஆர் டைமிங் வைக்கிற?"

"நான்."

மனிதர் லொறியை உள்ளே எடுத்தார். கம்பியை அவர் கையிலேயே கொடுத்தேன். அவசரக்காரர், துளி நின்ற இடத்தைத் தாண்டிவிட்டார். "இந்தா, கொஞ்சம் பின்னால தள்ளினாச் சரிதானே?" என்றார்.

"சரியில்ல. கியர்ப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில இடைவெளி கிடக்கு, அது ஏய்க்கும். கால் சுத்து பின்னால போய், மறுகா முன்னால வாங்க."

அது உங்கள் பாடம், உங்கள் குரலிலேயே வந்தது. இரண்டாம் தரம் டீசல் மெலிந்தது, சொட்டியது, ஒரு சொட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் மூச்சுவிட நேரம் வந்தது. "நிப்பாட்டுங்க!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டை திறந்து கத்துவது எவ்வளவு சுகம், மச்சான்.

கோடு முள்ளைத் தாண்டி ஒரு விரல் அகலம் போயிருந்தது. பம்பின் இணைப்பை இளக்கி, கொஞ்சம் முன்னே கொண்டுபோய் இறுக்கினேன். மீண்டும் சுற்றச் சொன்னேன். சரியாக வந்தது. அவருக்கு நம்பிக்கையில்லை, தானாகவே இன்னொரு தரம் சுற்றினார். அதே இடம். பிறகு எல்லாவற்றையும் பூட்டி, டீசல் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றி, எஞ்சினை எழுப்பினோம். முதலில் ஒரு வெள்ளைப் புகை, அது கலைந்ததும் ஒன்றுமில்லை. சத்தம் சீராக இருந்தது.

அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். கண், டோர்ச், இருமல், நாலு வருடம். உங்கள் மானத்தைக் காற்றில் விட்டேன் என்று நினைத்தால் நினையுங்கள்.

அவர் குனிந்து பம்பை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். "அப்ப கடைசியா என்ட லொறிக்குப் பாத்த கண்ணும் உங்கட கண்தான்," என்றார். பிறகு ஏறி உட்கார்ந்து, யன்னலால் தலையை நீட்டினார். "மில்லில நிக்கிற மற்ற லொறிக்காரரும் கேப்பானுகள். ஆர் வச்சதெண்டு சொல்ற? உங்கட பேரென்னக்கா?"

இருபது வருடம் இந்த முற்றத்தில் நின்று நான் ஊற்றிய தேத்தண்ணி குடித்த மனிதர்.

"யோகம்மா," என்றேன். "யோகம்மா வச்சதெண்டு சொல்லுங்க."

உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லும்படி வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. உங்கள் மேல் இருக்கிற கோபத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன், மச்சான். இப்போதைக்கு உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியதில் சூடு ஆறாதது அது ஒன்றுதான். ஆறினால் உங்கள் பெயரையும் சொல்கிறேன், என் பெயருக்குப் பிறகு.