பிழைக்கு மேலே உன் முகம்

என் அன்பு மச்சாள் சிவகௌரி,

நீ போன பிறகு நான் இவ்வளவு கோபப்பட்டதில்லை. யாரிடம் சொல்ல? உன்னிடம்தான்.

லிங்கநகரில் நீ பௌதிகம் படிப்பித்த ரியூசன் நிலையம் உன் நினைவாக ஒரு பயிற்சி நூல் போட்டது. அட்டையில் உன் படம். உள்ளே ஹெலிகொப்டர் பற்றி ஒரு பக்கம். சுழலும் இறக்கைகள் பம்பரம் போன்றவையாம். அதனால்தான் ஓரிடத்தில் கொடுத்த விசையின் விளைவு தொண்ணூறு பாகை தள்ளித் தெரிகிறதாம்.

நோயோடு வகுப்புக்கு வந்த கடைசி மாதங்களிலும் இந்த விளக்கத்தோடுதானே சண்டை பிடித்தாய்? "பம்பரம் இறுகின ஒரே உடம்பு. இறக்கைக்கு அடியில கதவுக்குப் போல பிணைச்சல் இருக்கு, அது மேலயும் கீழயும் ஆடும்" என்பாய். தூக்குவிசை கூடிய இடத்தில் இறக்கை வேகமாக உயர்கிறது. உச்சியைத் தொட ஏறக்குறையக் கால் சுற்று ஆகிறது. பிணைச்சல் சுழலும் அச்சிலிருந்து தள்ளியிருந்தால் அந்தக் கோணம் தொண்ணூறுக்குக் குறைகிறது. பம்பரக் கதை இதற்கு என்ன பதில் சொல்லும்?

நூலைத் தொகுத்த ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன்.

"மிஸ், ரெண்டிலயும் தொண்ணூறுதானே வருது. பிள்ளையளைக் குழப்ப ஏலாது."

"விடை பொருந்தினா காரணமும் சரியாகிடுமோ?"

"அவ இருந்தா இதுக்குக் கோவிக்கமாட்டா."

"ஓம், கோவிக்கமாட்டா. கிழிச்சுப் போட்டிருப்பா. பக்கத்தைத் திருத்துங்கோ, இல்லாட்டி அவவின்ர படத்தை எடுங்கோ."

யோசிப்பதாகச் சொன்னார். யோசித்துவிட்டு, இரண்டாம் பதிப்பில் உன் படத்தை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் துறைமுகத்துக்கு மேலே ஒரு ஹெலிகொப்டர் பறக்கிறது. பக்கம் அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்தும் மாறாமல். ஒரு பிழையை விட உன் முகம் அவர்களுக்கு அவ்வளவு இலேசாகிவிட்டதா?

தம்பியிடம் அந்தப் பதிப்பை நானே கொண்டுபோய்க் காட்டினேன். உன் புருஷன் கதிரையில் உட்கார்ந்தபடி அட்டையைத் தடவிப் பார்த்தான்.

"அக்கா, அந்தப் பக்கத்தை ஆர் வாசிக்கப் போறான்? அவளின்ர முகத்தை ஊரே பாத்தது. ஏன் எடுக்கச் சொன்னனீங்கள்?"

அவன் மீதும் கோபம் வந்தது. அவன் கேட்டது நியாயம் என்பதால் இன்னும் கூடுதலாக. நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய்?

பிழையோடு உன்னை விட்டு வைக்க என்னால் ஏலாது, மச்சாள். உன் முகம் இல்லாமல் அவனை விட்டு வைக்கவும் ஏலாது. அந்தப் பக்கத்தை நானே சரியாக எழுதி, உன் படத்தோடு அச்சிடுவேன். முதல் பிரதி தம்பியின் கைக்குத்தான். அவன் வாசிக்கும் வரை பக்கத்தில் இருப்பேன்.

உன் புருஷனின் அக்கா, உனக்கு என்றும் மச்சாள்,
யோகா