இறந்தோர் பட்டியலில் அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த முறை சித்தி என்று எழுதவில்லை. பயப்படாதே, சொல்கிறேன்.

தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைத்தான் இந்த இல்லத்தில் எடுப்பார்கள் என்பதால், அம்மா இறந்துவிட்டாள், நான் இவளுடைய சித்தி என்று நீயே எழுதிக் கொடுத்தாய் அல்லவா? இங்கே மாலை ஜெபத்தில் இல்லத்தை நடத்தும் மதர் எங்கள் பெற்றோரின் பெயர்களை வாசித்து ஆன்ம சாந்திக்கு வேண்டுவார். உன் பெயருக்கும் நான் ஆமென் சொல்ல வேண்டும். நீ மாதாமாதம் வந்தவரை உதட்டை மட்டும் அசைத்துச் சமாளித்தேன். "வாய்க்குப் பூட்டு போட்டிருக்கியாடி?" என்று பக்கத்துக் கட்டில்காரி கிண்டல் செய்வாள்.

நீ வந்து ஐந்து மாதமாகிறது. ஜெபம் பலித்துவிட்டதோ என்ற பயத்தில் தையல் வகுப்பில் எனக்குக் கை ஓடுவதில்லை.

நேற்று உன் பெயரை வாசித்ததும் எழுந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் வாயே திறக்காத நான், "எங்கம்மா சாகல மதர். அந்தப் பேர அடிச்சிடுங்க" என்றேன். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

மதர் பேனாவை எடுத்து உன் பெயரை அடித்தார். "உன்ன எங்கயும் அனுப்பல, உட்காரு" என்றார். பிறகு மெதுவாக, "அப்ப அவங்க ஏம்மா வர்றதில்ல?" என்று கேட்டார்.

பட்டியலில் நீ இருந்தவரை அதை யாரும் கேட்டதில்லை.

உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அது பொய்யாகவே இருக்கட்டும், அம்மா.

உன் மகள்