செவலை கேட்ட புடவை

திருவொற்றியூர்,
12-2-1951

அன்புள்ள கன்னியம்மாவுக்கு,

உன் கணவன் வேதாசலம், செவலையின் நிலையைத் தெரிவிப்பதற்காக மட்டுமே இதை எழுதுகிறேன்.

தெருவில் திரியும் மாடு யாருடையதாயினும் பட்டியில் அடைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். சுகாதார ஆய்வாளனாகிய நான் என் வீட்டு மாட்டுக்கு விலக்களிக்க இயலாது. செவலையை நான் பட்டியில் அடைத்ததற்காக நீ கோபித்துக்கொண்டு மாத்தூருக்குப் புறப்பட்ட அன்றே இதைச் சொன்னேன். அது உன் தாய்வீட்டிலிருந்து உன்னோடு வந்த மாடு என்பதை மட்டும் அன்று நான் கருதவில்லை.

பட்டியிலிருந்து மீட்டு வந்த செவலை என்னை இருமுறை உதைத்தது. பால் சுரக்கவில்லை, மடி கல்லாக இறுகிவிட்டது. கறவைக்காரர் தேசப்பனை அழைத்தேன்.

“அது அம்மாவத் தேடிக்கினு கீது சார். அம்மா பொடவயக் கட்டிக்கினு போய்க் குந்து.”

“நானா?”

“பின்ன இன்னா, சட்டத்தப் படிச்சிக் காட்னா பால் வுடுமா?”

கொடியில் கிடந்த உன் பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டேன். கொசுவம் சரியாக அமையவில்லை. செவலை முந்தானையை முகர்ந்து பார்த்து, ஒன்றரைப் படி கறந்தது. மீன்கூடையோடு வந்த மங்கம்மா, “பச்ச உனுக்கு எடுப்பா கீது நைனா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பது நாளாகியும் அப்புடவையை நான் துவைக்கப் போடவில்லை. மஞ்சள் வாசனை போய்விடும். செவலைக்காகச் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு காலை செவலையை நானே பிடித்துக்கொண்டு மாத்தூருக்கு நடந்து வருகிறேன். நீ புறப்படச் சம்மதித்தால் மூவரும் திரும்புவோம். வழியில் அது முரண்டு பிடித்தால், பையில் புடவை இருக்கிறது. நடுச்சாலை என்றும் பாராமல் கட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் கணவன்.