வெறுங்கையில் வைத்த சீனி

மூன்று நாளாகக் கடைகள் பூட்டியே கிடக்கின்றன. திறக்கக் கூடாது என்று யாரோ ஒட்டிவிட்டுப் போன துண்டுக் காகிதத்துக்குப் பயந்து பொகவந்தலாவை பஜாரே பலகை போட்டுவிட்டது. பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. இன்று காலை சீனிப் போத்தலைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் விழவில்லை. போகட்டும் என்று பாலில்லாத வெறும் சாயத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால், என் இடது கை தானாக மடியில் விரிந்து கிடக்கிறது. நம் தேயிலைத் தோட்டங்களில் சீனியைக் கோப்பையில் கொட்டிக் கலக்குகிற ஊதாரித்தனம் ஏது? உள்ளங்கையில் ஒரு சிட்டிகை, அதை நக்கிக்கொண்டு ஒரு மடக்கு. விரிந்த கையைப் பார்த்ததும் உன் நினைவு வந்தது. கோபமும் வந்தது. உன்மேல் இல்லை.

போன மாதம் கோத்தகிரியிலிருந்து உன் தம்பி எழுதியிருந்தான். நெஞ்சு நோவு என்றாயாம், வண்டி கிடைப்பதற்குள் முடிந்துவிட்டதாம். இன்னும் நாற்பதைக்கூடத் தொடவில்லை, அதற்குள் என்ன அவசரமடி உனக்கு? கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தான். "எங்கம்மா கையில சீனி வச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்காக்கா? இங்க சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க." இன்றுவரை அவனுக்குப் பதில் போடவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அவனுக்கு எப்படி எழுதுவது?

நான் கணக்கப்பிள்ளையின் மகள், உன் வீடு அடிவாரத்து லயத்து வீட்டு வரிசையில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. எட்டாம் வகுப்போடு நீ கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டாய், நான் ஹட்டனுக்குப் படிக்கப் போனேன். மாதா கோயில் சுவாமி வைத்திருந்த இரண்டு அலமாரிப் புத்தகங்கள்தான் நம்மைப் பிரிய விடவில்லை. நான் இரவல் வாங்கி வருவேன், நீ ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடுவாய். படித்துவிட்டு நீ சொன்னவற்றில் பாதியைப் பின்னால் என் சொந்தக் கருத்துகள் போலப் பலரிடம் அளந்திருக்கிறேன்.

துன்பம் என்ற சொல்லை நான் உருகி உருகிச் சொல்வேன். நீ சிரிப்பாய். "இந்தக் கதையில கஷ்டப்படுறவங்க எல்லாம் ஏன் புள்ள இவ்வளவு நேரம் பேசுறாங்க? பசிச்சா பேச்சே வராதே" என்றாய் ஒரு தடவை. போயா பௌர்ணமியில் பன்சலைக் கோயில் ஒலிபெருக்கியில் பிக்கு பண என்று உபதேசம் செய்வதைக் கேட்டு, உனக்குத்தான் சிங்களம் நன்றாக வருமே, எனக்குத் தமிழில் சொல்லுவாய். பிறப்பும் துக்கம், மூப்பும் துக்கம், எல்லாவற்றுக்கும் ஆசைதான் வேர் என்று. ஒரு சுண்டு அரிசிக்கு ஆசைப்படுவதும் அதில் சேருமா என்று அவரிடம் கேட்க வேண்டும் என்பாய். கேலிக்காகச் சொன்னதில்லை. உனக்கு உண்மையாகவே அதற்கு விடை தேவைப்பட்டது.

பிறகு எழுபதுகளின் அந்தப் பஞ்ச வருஷங்கள். அரிசி இல்லை, மா இல்லை, பாண் ரொட்டிக்கு விடியலிலேயே வரிசை. காட்டுக் கிழங்கு தோண்டப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒருநாள் மத்தியானம் புத்தகம் கொடுக்க உங்கள் காம்பராவுக்கு வந்தேன். அடுப்பில் சாயத்தண்ணி மட்டும் கொதித்தது. உன் அம்மா எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் ஒரு காலி டப்பாவைத் திறந்து, விரலால் கிள்ளி, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு சிட்டிகை வைத்தார். எதுவுமே இல்லாத சிட்டிகை. "நக்கிக் குடிங்க. கொழும்புச் சீனி, நல்லா இனிக்கும்" என்றார். ஐந்து வயது உன் தம்பி கையை நக்கிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கொறச்சலா வச்சிட்டீங்கம்மா" என்றான். உன் அம்மா முகத்தை வெகு கண்டிப்பாக வைத்துக்கொண்டு இன்னொரு சிட்டிகை எடுத்து வைத்தார். அப்புறம் அவருக்கே அடக்க முடியவில்லை. நீ சிரித்தாய், நான் சிரித்தேன், பக்கத்துக் காம்பராக்காரி என்ன சங்கதி என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

இரண்டு மாதத்தில் அவர் மலையிலேயே, கூடையோடு சரிந்து விழுந்து போய்விட்டார். காய்ச்சல் என்று எழுதிக்கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து, நான் டீச்சராகி வந்த பிறகு, அதைக் கதையாக எழுதினேன். கொழும்புப் பத்திரிகை ஒன்று போட்டது. கதையில் உன் அம்மா அழுதார். கண்ணீர் சொட்டிப் பிள்ளையின் வெறுங்கையில் விழுகிறது, சீனிக்குப் பதில் உப்பு கரிக்கிறது. அந்த வரியை எழுதியபோது எனக்கே என்னைப் பிடித்துப்போயிற்று. அறியாத ஊர்களிலிருந்தெல்லாம் பாராட்டிக் கடிதம் வந்தது. பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு ஓடி வந்தேன். நீ குடத்தைத் தண்ணீருக்குக் கீழே வைத்துவிட்டு நின்றபடி படித்தாய். குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது.

"எங்கம்மா அழுவலயே" என்றாய்.

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அழுதால்தான் படிப்பவர்களுக்கு மனம் இளகும், துன்பத்தைத் துன்பமாகக் காட்டுவதுதான் இலக்கியம் என்று என்னென்னவோ. எனக்குத் தெரிந்த பெரிய சொற்கள் எல்லாம் அன்று வெளியே வந்தன. நீ கடைசிவரை பொறுமையாகக் கேட்டாய்.

"அவங்க மனசு இளகுறதுக்காக எங்கம்மா செத்தும் அழுவணுமா?" என்றாய். அப்புறம் குரலை உயர்த்தாமல் இன்னொன்று கேட்டாய். "அன்னிக்கு உங்க வீட்டுல சீனி இருந்துச்சா?"

நான் மறுபடியும் இலக்கியத்தைப் பற்றியே பேசினேன். நீ குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நேரமாச்சுங்க டீச்சர்" என்று போனாய். கேலிக்கு டீச்சரம்மா என்று ஆயிரம் தடவை கூப்பிட்டிருக்கிறாய். இந்த 'ங்க' எனக்குப் புதிது. அதற்குப் பிறகு நீ என்னிடம் புத்தகம் கேட்கவில்லை. நானும் கொண்டு வரவில்லை. ஒரே தோட்டத்தில் இருந்துகொண்டு, தெருவில் கண்டால் மழையைப் பற்றிப் பேசிப் பிரிந்தோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உங்களுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. பார்த்தேயிராத ஊருக்கு 'திரும்பி'ப் போகச் சொன்னார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் தலைமன்னார்க் கோச்சிக்கு நின்ற ஜனம் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கதறியது. உண்மையான அழுகை. என்னால் ஒரு வரிகூட எழுத முடியாத அழுகை. நீ அழவில்லை. கோச்சி நகரப் போகும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்து விரித்து, காற்றில் ஒரு சிட்டிகை கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாய். "கொறச்சலா இருந்தா சொல்லு புள்ள" என்றாய். 'புள்ள' என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் கோச்சி போய்விட்டது. மன்னித்துவிட்டாய் என்று இத்தனை வருஷமும் எனக்கு வசதியாக நினைத்துக்கொண்டேன். ஆனால் நீ கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்தக் கதையை எத்தனையோ முறை திருத்தி எழுதப் பார்த்தேன். உன் அம்மாவைச் சிரிக்க வைத்தால், கதவோரம் புத்தகத்தோடு நிற்கும் கணக்கப்பிள்ளை மகளையும் எழுத வேண்டியிருக்கிறது. பழைய கதையில் அவள் இல்லை. அவளை எழுதாமல் விடுவதற்காகத்தான் உன் அம்மாவை அழவைத்தேன் போலிருக்கிறது. அழ வேண்டியவள் நான். அதை அவர் தலையில் கட்டிவிட்டு மலையகத்தின் துயரம் என்று பெயரும் வாங்கிக்கொண்டேன்.

அன்று அந்தக் காம்பராவில் இருந்தவர்களில் இப்போது உன் தம்பியும் நானும்தான் மிச்சம். அவனுக்கு இன்றே எழுதிவிடுகிறேன். ஆமாம் தம்பி, உங்கம்மா சிரித்தார், நான் கண்ணால் பார்த்தேன், யார் கேட்டாலும் என் பெயரைச் சொல் என்று. தபால் எப்போது ஓடுமோ தெரியாது, எழுதி வைக்கிறேன்.

உனக்கு எழுத வேண்டியது ஒரு வரிதான்.

இருந்துச்சு புள்ள. அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு போத்தல் நிறைய இருந்தது. உங்கள் காம்பராவில் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய், அன்று சாயந்தரம் இரண்டு சிட்டிகை வைத்துக் குடித்தேன்.