அரிசி பொறுக்கிய பேய்

கண்ணு,

நேற்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. காலையில் என் வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். சினிமாக் கொட்டாயில் மிஷின் ஓட்டுகிறவர் சட்டையில் மிஷின் விளக்குக்குள் கார்பன் குச்சி எரிந்த நாற்றம் இருக்கத்தானே செய்யும். இத்தனை வருஷமாகத் துவைக்கிற எனக்கு அது தெரிவதேயில்லை. இன்றைக்கு மூக்கில் ஏறியது. சட்டையைத் துவைக்கிற கல்லின்மேல் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். உலையை வைத்தேன், அதையும் பாதியில் இறக்கினேன். உனக்கு எழுதினால்தான் அடங்கும் என்று தோன்றியது. உனக்குப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோதும் தெரியாதுதானே, அதனால் ஒன்றும் மோசமில்லை.

உன்னிடம் ஒரு சேதி சொல்லவேண்டும். நீ காய்ச்சலில் போனபிறகு எனக்குத் தெரியவந்த சேதி. அதை எடுத்தவுடனே சொன்னால், "படத்த நடுவால இருந்து சொல்லாதீங்க்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

நாமகிரிப்பேட்டைச் சனத்துக்குச் சாமிப் படம் வந்தால் போதும், கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வண்டி பூட்டி வந்துவிடும். பேய்ப் படம் வந்தால் கொட்டாய்க்காரர் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். ஊரில் அதற்குக் காத்திருந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். என் வீட்டுக்காரர் கொண்டுவருகிற நோட்டீஸை நான் படித்துக் காட்டுவேன். "அக்கா ஊட்டுல பருப்பு ஒடைக்க ஒத்தாசை" என்று உன் மாமியாரிடம் சொல்லிவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வந்துவிடுவாய். ஊரிலேயே அதிகப் பருப்பு உடைத்த வீடு என் வீடாகத்தான் இருக்கும்.

நீ புதுப்பெண்ணாக வந்த வருஷம் பார்த்த பேசாத படம் நினைவிருக்கிறதா? வெள்ளைக்காரப் படம். பெரிய வீடு, அதில் ஒரு கதவு. யாரும் தொடாமலே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். படம் முழுக்க அவ்வளவுதான். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிற ஆளுக்கே கதை தெரியாது. பாதிவரை ஏதேதோ புளுகிப் பார்த்தார். கதவு முக்கால் திறந்தபோது, "இதுக்கு மேல எனக்கே பயமா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டார். சனம் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டது. நாம் மட்டும் வாய் திறக்காமல் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதைவிட நல்ல பேய்ப் படம் நான் பார்த்ததில்லை என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அடுத்தது அந்த வடக்கத்திப் படம். பாஷை புரியவில்லை. வெறும் தொட்டில் ஒன்று தானாக ஆடும். "காத்துக்கு ஆடுது, பாட்டப் போடுங்கப்பா" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். நீ என் காதில், "காத்துன்னா பக்கத்துல இருக்கற திரைச்சீலையும் ஆடோணுமில்லீங்க்கா" என்றாய். அவ்வளவு பேரில் உன் கண்ணுக்குத்தான் அது பட்டது. திரும்பி வரும்போது நீ பேசவேயில்லை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் உன் வீட்டில் தொட்டில் கட்டவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டிக்கொண்டு போயிருக்கவேண்டாம் என்று எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மறுநாளே வந்து நின்றாய். "இன்னொருக்கா பாக்கோணுமுங்க்கா."

மூன்றாவதுதான் யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்த அந்தத் தமிழ்ப் படம். படத்தின் பேரை நீ ஒருநாளும் சொன்னதில்லை, அரிசிப் பேய் என்றுதான் சொல்வாய். பிள்ளை இல்லையென்று ஒதுக்கப்பட்ட மூத்தாள் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். பேயாக வருகிறாள். வந்து யாரையும் அடிக்கவில்லை, கடிக்கவில்லை. சமையற்கட்டில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்குகிறாள். இளையாள் எப்போது உள்ளே போனாலும் முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாள். பாட்டு மூன்றே மூன்று. சண்டை கிடையாது. சேலத்திலேயே ஓடாத படம், இங்கே எங்கே ஓடும்? பாட்டுப் புத்தகத்தைக் கிழித்துக் கடலைக்காரி பொட்டலம் கட்டினாள்.

ஆனால் நீ விடவில்லை. "பேயின்னா கத்தக்கூடாதுங்க்கா, இப்படித்தான் பேசாம குந்தியிருக்கோணும்" என்றாய். கடைசியில் அந்தப் பேய் எழுந்து ஒரே ஒருமுறை பேசும். நாடகக்காரத் தமிழ். "பொன் வேண்டேன், பொருள் வேண்டேன். யான் மூட்டிய அடுப்பில் மற்றொருத்தி தீ மூட்டலாகாது. மூட்டினால் அத்தீ உங்கள் கூரையில் ஏறும்." வழி நெடுக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாய். அந்த வாரம் படம் ஓடிய நாளெல்லாம் என் வீட்டில் பருப்பு உடைந்தது.

அதற்கப்புறம் வருஷம் இரண்டு போயிருக்கும். உன் மாமியார் சங்ககிரிப் பக்கத்தில் உன் புருஷனுக்கு இன்னொரு பெண் பார்த்துவிட்டாள். உன்னைத் தள்ளி வைக்கப்போவதில்லையாம். மஞ்சள் வேகவைக்க, மாட்டுக்குத் தண்ணி காட்ட நீ அங்கேயே இருக்கலாமாம். நல்ல தாராளம். உன் புருஷன் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவரு என்னத்தச் சொல்றாரு. தல குனிஞ்சு சோறு திங்கறாரு" என்றாய். அந்த மனிதர் நல்லவர்தான். ஆனால் அம்மா முன்னால் அவருக்கு நாக்கு எழாது.

புதுப்பெண் வருவதற்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யவேண்டும் என்றாள் உன் மாமியார். சுண்ணாம்பு அடிப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது உன்னை. பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவந்து, "இவ வயித்துல ஒரு காத்து அடஞ்சு கெடக்குதுங்க. நாளைக்கு வார புள்ள மேல அது தொத்திக்கக் கூடாது. ஓட்டிக் குடுத்துருங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை, உச்சி வெயிலில், உன்னைத் தலைவிரி கோலமாக வாசலில் உட்காரவைத்தார்கள். ஊரே கூடியிருந்தது. உன் புருஷன் திண்ணை ஓரத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கோடாங்கி உடுக்கை அடித்தார். புளியம் விளாரால் உன் தோளில் இரண்டு வீசினார். "யாரு நீ? என்ன வேணும்? கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிரு" என்றார். நீ பேசவில்லை. கையை மட்டும் அசைத்தாய். மடியில் முறம் இருக்கிறது போல, இல்லாத அரிசியைப் பொறுக்கினாய். கூட்டத்தில் அது என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன். என்னிடம்கூட நீ முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பிறகு எழுந்து நின்றாய். "பொன் வேண்டேன், பொருள் வேண்டேன்" என்று ஆரம்பித்தாய். சனம் பின்னுக்கு நகர்ந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத நீ புஸ்தகம் மாதிரிப் பேசினால் நகராமல் என்ன செய்யும்? "இது நம்மூருப் பேயில்ல, பட்டணத்துப் பேயி" என்றாள் ஒருத்தி. யான் என்றாய், மூட்டலாகாது என்றாய், ஒரு எழுத்துப் பிசகவில்லை. கடைசி வரியில்தான் உன் நாக்கு உன்னைக் காட்டிக்கொடுத்தது.

"மூட்டினால் அத்தீ உங்கள் கூரையில் ஏறுமுங்க."

அந்த 'ங்க' காதில் விழுந்ததும் எனக்கு உயிர் போய் வந்தது. தீர்ந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் ஒருவரும் கவனிக்கவில்லை. நம் ஊரில் 'ங்க' போடாமல் நாய்கூடக் குரைக்காது. கூரைக்குத் தீ வைக்கிறேன் என்று சொல்லும்போதும் மரியாதை விடாத பேயை யாரும் சந்தேகப்படவில்லை. கண்ணைத் திறந்தபோது உன் புருஷன் ஓடிவந்து உன் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்திருந்தார். முகம் மண்ணில் புதைந்திருந்தது, முதுகு குலுங்கியது. மகன் அழுகிறதைப் பார்த்து மாமியாரும் விழுந்தாள். கோடாங்கியே இரண்டடி தள்ளி நின்று கும்பிட்டார்.

சங்ககிரிக்காரர்கள் பெண் கொடுக்க மாட்டோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டில் இளையாள் என்ற பேச்சே எழவில்லை. அமாவாசைக்கு அமாவாசை உன் மாமியார் அந்தப் பேய்க்குக் கச்சாயம் சுட்டுப் படைத்தாள். படைத்ததை நீ மடியில் கட்டி எடுத்துவர, நாம் இருவரும் தின்றோம். நெய் போட்டுச் சுட்டது, பேய்க்குக் கொடுத்து வைத்திருந்தது.

ஒன்றுதான் உன்னை அரித்தது. தோளில் விளார்த் தழும்புக்கு நான் மஞ்சள் பற்றுப் போடும்போதெல்லாம் சொல்வாய். "மாமியாள ஏமாத்துனது எனக்குச் சந்தோசமுங்க்கா. அந்த மனுசன நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது. நெசம்னு நம்பி என் கால்ல உழுந்து அழுதாரு பாருங்க." அவரிடம் சொல்லிவிட வாய்வரை வருமாம். சொன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ என்று விழுங்கிவிடுவாய். காய்ச்சலில் கிடந்தபோதும் அதையேதான் முனகினாய்.

நேற்றைக்கு வருகிறேன். கொட்டாயில் ஒரு புதுப் பேய்ப் படம். வழக்கம்போல ஆளில்லை. நன்றாகத்தான் இருந்தது, பேய் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்கிறது, உனக்குப் பிடித்திருக்காது. இடைவேளைக்கு விளக்குப் போட்டார்கள். ஆண்கள் பக்கத்தில், தடுப்புத் தட்டியை ஒட்டி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் மணலில் உட்கார்ந்திருந்தார். உன் புருஷன். என்னைப் பார்த்ததும் எழுந்து தட்டிக்கு அருகில் வந்தார்.

"நீங்க எங்க இங்க?" என்றேன்.

"நான் எப்பவும் வாரதுதானுங்க்கா. அவ பருப்பு ஒடைக்கறன்னு கெளம்புனா, பின்னாலயே வந்து இந்தப் பக்கம் குந்திக்குவன். வெளக்குப் போட்டாத் துண்டத் தலைல போட்டுக்குவன்."

"எதுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"பேய் வார எடத்துல அவ சிரிப்பாளுங்க. ஊட்டுல அந்தச் சிரிப்புக் கெடையாது."

அப்படியானால் அரிசிப் பேயை? கேட்கவே பயமாக இருந்தது, கேட்டேன். நீ பார்த்த நாளெல்லாம் தானும் பார்த்ததாகச் சொன்னார். வாசலில் நீ கையை அசைத்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டதாம். கடைசி வரியில் 'ஏறுமுங்க' என்றாயே, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டதாம். அவர் சிரித்திருந்தால் உன் பாடு என்ன? அதனால்தான் ஓடிவந்து மண்ணில் முகத்தைப் புதைத்திருக்கிறார். நாம் எல்லோரும் அழுகை என்று நினைத்தது அதைத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை கண்ணு. கோபம்தான் வந்தது. "அவள அடிக்கறப்போ தூணப் புடிச்சுட்டுத்தான நின்னீங்க? அவ சாகறவரைக்கும் தோள்ல அந்தத் தழும்பு இருந்துச்சு. இன்னொருத்தி வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவ பேயா ஆட வேண்டியதில்லையே" என்றேன். கடலைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வேண்டாம்னு சொன்னாக் கயித்துல நாண்டுக்குவன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. எனக்குத் தகிரியம் பத்துலீங்க. எனக்கு வராத வார்த்தயத்தான் அவ சொன்னா" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உன் சோறு இறங்காத கதையையும் சொன்னேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உழுந்தது சிரிப்ப மறைக்கத்தானுங்க்கா. உழுந்தப்புறம் கும்புட்டது நெசமுங்க" என்றார். விளக்கை அணைத்துவிட்டார்கள். அவர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில், ஆளுக்கொரு பக்கம் அந்தப் பேயை மூடி மறைத்துக்கொண்டு இத்தனை வருஷம் படுத்திருந்தீர்களே. நீ இருந்திருந்தால் இந்நேரம் ஓடிவந்து சொல்லியிருப்பேன். நீ சிரித்திருப்பாயா, அவரை நாலு கேள்வி கேட்டிருப்பாயா, அதுவும் தெரியவில்லை. எதுவானாலும் அன்றைக்கு நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பாய்.

வேறு யாரிடமாவது சொல்லி மனப்பாரத்தை இறக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உன் மாமியார் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். நீ போன கையோடு மகனுக்குப் பெண் தேடியிருப்பாள். நீ சொன்ன சொல்லுக்குப் பயந்துதான் இன்றுவரை வாய் திறக்காமல் இருக்கிறாள். இது வெளியே போனால் அந்தப் பேய் செத்துவிடும். அம்மாவை எதிர்த்து நிற்க உன் புருஷனுக்கு அதை விட்டால் வேறு துணை இல்லை. அதனால் உன்னிடம் சேர்க்கவேண்டிய அந்த ஒரு வார்த்தையை, கும்பிட்டது நிஜம் என்ற அதை, வாயை மூடிக்கொண்டு நான்தான் சுமந்து திரிகிறேன்.